எம்48 உள்மரை, எம்42 வெளிமரை: ஓர் அலுமினிய வளையத்தைக் கடைவது

தொலைநோக்கியின் பின்னால் கேமரா மாட்டிப் படம் எடுப்பவர்களுக்கு, கடையில் கிடைக்காத வளையம் ஒன்று என்றைக்காவது தேவைப்படும். ஒரு பக்கம் எம்48 × 0.75 உள்மரை (48 மி.மீ. விட்டம், மரைக்கு மரை இடைவெளியான பிட்ச் 0.75 மி.மீ.). படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸான ஃபீல்டு ஃப்ளாட்னரின் வால் அதற்குள் ஏறும். மறு பக்கம் எம்42 × 0.75 வெளிமரை, அது கேமராப் பக்கத்துக் குழாய்க்குள் போகும். இந்த இரண்டு மரையும் உள்ள அடாப்டர் கடையில் தாராளமாகவே கிடைக்கிறது. கிடைக்காதது நமக்கு வேண்டிய தடிமன். பெரும்பாலான ஃப்ளாட்னர்கள் தமக்கும் சென்சாருக்கும் நடுவே 55 மி.மீ. இடைவெளி கேட்கும். கேமரா முகப்பிலிருந்து சென்சார் வரை 17.5, கையிலிருக்கும் நீட்டிப்புக் குழாய் 28.5 என்றால், மிச்சம் 9 மி.மீ. நடுவில் 2 மி.மீ. கண்ணாடி ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 9 என்பது 9.67 ஆகிவிடும். இந்த அளவுக்கு ரெடிமேடு வளையம் தேடுவதைவிட லேத்தில் போட்டுக்கொள்வது சுலபம்.

சுலபம் என்றாலும், மரை போடுவதற்கு முன்பே இந்த வளையத்தின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. எந்தப் பக்கத்தை முதலில் கடைவது, திருப்பிப் பிடிக்கும்போது எதில் பிடிப்பது என்ற இரண்டையும் படம் வரையும்போதே தீர்மானித்துவிட வேண்டும். மரை வெட்டும் வேலை அதற்குப் பிறகு கால் மணி நேரம்தான்.

படத்தில் இருக்க வேண்டியவை: வெளிவிட்டம் 54, உடல் நீளம் 9.00, எம்48 உள்மரைக்கு 5 மி.மீ. ஆழக் குழி, வெளிமரைக் கழுத்து நீளம் 5, ஊடே போகும் துளை 38. கழுத்து அடுத்த குழாய்க்குள் மறைந்துவிடும் என்பதால் 55 கணக்கில் அது சேராது. உடலின் 9 மட்டுமே சேரும். பட்டறையில் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் பலர் 9 என்றே சொல்லிவிடுகிறார்கள், கழுத்தையும் சேர்த்து 9-ஆகக் கடைந்த வளையம் திரும்பி வருகிறது. மொத்தம் 14 என்று எழுதி, உடல் 9 என்பதைத் தனியாகக் காட்டுங்கள்.

மரையின் பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. எம்42 என்று மட்டும் சொன்னால் இரண்டு அர்த்தம். 1949-இல் காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்து, பிறகு பென்டாக்ஸ், ஸெனித் என்று பரவிய பழைய லென்ஸ் மரை எம்42 × 1. தொலைநோக்கிக்காரர்கள் டி2 என்று சொல்வது எம்42 × 0.75. ஒன்றில் மற்றொன்று ஒரு சுற்று வரை ஏறும், பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் இரண்டு மரையும் போய்விடும். பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். முடிந்தால் ஃப்ளாட்னரையும் குழாயையும் பட்டறைக்கே கொண்டு போய்விடுங்கள். அவற்றைவிட நல்ல கேஜ் கிடையாது.

உலோகத்தைப் பொறுத்தவரை, நம்மூர்க் கடைகளில் ஹெச்இ30 என்று கேட்டால் கிடைப்பது 6082. ஹெச்இ20 என்பது 6061. டி6 என்ற வெப்பப் பதப்படுத்தல் இருந்தால் இரண்டில் எது ஆனாலும் சரி. ஜன்னல் சட்டத்துக்கு வரும் 6063-ஐ (கடையில் ஹெச்இ9) தவிர்க்கலாம். மென்மையானது, மரையின் ஓரம் பிய்ந்து வரும். பழைய பாத்திரத்தை உருக்கி ஊற்றிய ராடு வேண்டவே வேண்டாம். அதில் எங்கே காற்றுக்குமிழி இருக்கிறது என்பது மரை வெட்டும்போதுதான் தெரியும். 60 மி.மீ. ராடில் 40 மி.மீ. துண்டு சுமார் 300 கிராம். முடிந்த வளையம் 22 கிராம் வாக்கில் நிற்கும். மீதி எல்லாம் சுருள்தான், அதனால் மெட்டீரியலில் கஞ்சத்தனம் பார்த்து 55 ராடு எடுத்து அரை மில்லியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எம்48 பக்கம்தான் முதலில். துண்டை மூன்று தாடை சக்கில் பிடித்து, 20 மி.மீ. வெளியே விடுங்கள். முகத்தைத் தட்டையாக்கி, சென்டர் போட்டு, 10, 20, 25 என்று துளையைப் பெரிதாக்கி, போரிங் பாரால் 38-க்குக் கொண்டுவந்து, வெளிவிட்டத்தை 54-க்குக் கடையலாம். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூல் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் போதும். 55 விட்டத்தில் அது ஏறக்குறைய 580 சுற்று. அலுமினியத்துக்கென்றே வரும், பூச்சில்லாத, பளபளவென்று மெருகிட்ட கார்பைடு இன்செர்ட் இருந்தால் இதைப் போல் மூன்று மடங்கு ஓட்டலாம். எஃகுக்கு வாங்கிய, அலுமினியம் கலந்த கருநீலப் பூச்சு இன்செர்ட்டை இங்கே போட்டால் உலோகம் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு வெட்டுவது டூல் அல்ல, அந்த ஒட்டுதான்.

கடைந்து முடித்ததும் அளக்காதீர்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரான் அளவில் நீளும். அறை வெப்பத்தைவிட 40 டிகிரி சூடாக இருக்கும் வளையத்தில் 48 மி.மீ. விட்டம் 0.04 மி.மீ.-க்கும் அதிகமாகக் காட்டும். உள்மரை விஷயத்தில் இது ஏமாற்றும்: சூட்டில் ஃப்ளாட்னர் ஜோராக ஏறும், ஆறியதும் இறுகும். கையால் தொட்டுக் குளிர்ச்சியாகத் தெரியும் வரை விட்டுவிட்டு அளவெடுக்க வேண்டும்.

உள்மரைக்கான குழியின் விட்டம், பெயரளவிலிருந்து பிட்சின் 1.0825 மடங்கைக் கழித்தால் வரும்: 48 − 0.812 = 47.19. 6ஹெச் என்ற உள்மரைத் துல்லிய வகுப்பில் இது 47.38 வரை போகலாம். அலுமினியத்துக்கு 47.30 நல்ல இடம். மரையின் உயரத்தில் 86 சதவீதம் மிஞ்சும், உச்சி பிய்வதும் குறையும். குழியின் அடியில் 1.5 மி.மீ. அகலத்தில் 48.4 விட்டத்துக்கு ஒரு காடி போட்டுவிட்டால், டூல் போய் நிற்க இடம் கிடைக்கும். மரைக்கு மிஞ்சுவது 3.5 மி.மீ.; நாலரைச் சுற்றுக்கு மேல். கேமராவின் எடைக்கு அது தாராளம்.

அடுத்தது கியர். லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகு) 6 மி.மீ. பிட்ச் என்றால் 0.75-க்கு எட்டில் ஒரு பங்கு விகிதம் வேண்டும்: ஓட்டும் பக்கம் 20, 30 பற்கள், ஓட்டப்படும் பக்கம் 80, 60. கியர்பாக்ஸ் இருந்தால் கைப்பிடியை 0.75-இல் வைத்தால் முடிந்தது. இதில் ஒரு சௌகரியம் உண்டு. 6-ஐ 0.75 மீதமில்லாமல் வகுத்துவிடுவதால், டூலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டை எந்த இடத்தில் போட்டாலும் டூல் அதே தடத்தில்தான் விழும். ஹாஃப் நட்டைப் போடும் நேரத்தைக் காட்டும் திரெட் டயலைப் பார்க்கவே தேவையில்லை. 1.25 பிட்சுக்கு இந்தச் சலுகை கிடையாது.

நம் ஊர்ப் பழைய லேத்துகளில் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நான்கு மரை. அதில் மெட்ரிக் மரை வேண்டுமானால் 127 பல் கியர் வேண்டும். 0.75-க்கு விகிதம் 15/127. ஓட்டும் பக்கம் 30, 20, ஓட்டப்படும் பக்கம் 127, 40 போட்டால் துல்லியமாக வரும். ஆனால் ஹாஃப் நட்டைக் கடைசிவரை திறக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் டூலை விலக்கி, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி, ஆரம்பத்துக்குத் திரும்ப வேண்டும். பழக்கதோஷத்தில் ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்த வெட்டு பழைய இரண்டு மரைக்கும் நடுவே விழுந்து மூன்றாவது ஒன்றைக் கீறும்.

எந்த லேத் ஆனாலும், முதல் வெட்டு கீறல் மட்டும்தான். 0.02 ஆழத்தில் ஒரு ஓட்டம் ஓட்டி, பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு மேலே போகலாம். கியர் தப்பாக இருந்தால் இந்த இடத்தில் தெரிந்துவிடும், வளையமும் கெடாது.

மரை வெட்டும் வேகத்தில் அலுமினியத்துக்கும் நமக்கும் ஒத்துப்போவதில்லை. அது வேகம் கேட்கும், கை நிதானம் கேட்கும். நிமிடத்துக்கு 60 சுற்றில் டூல் வினாடிக்கு 0.75 மி.மீ. நகரும், 1.5 மி.மீ. காடிக்குள் நுழைந்ததிலிருந்து சுவரில் மோத இரண்டு வினாடி. டூல் முனையின் அகலத்தைக் கழித்தால் ஒன்றரைதான். 200 சுற்றில் அதே காடி அரை வினாடியில் முடிந்துவிடும். எப்பேர்ப்பட்ட கையும் பிந்தும். 60-லிருந்து 100-க்குள் ஓட்டுங்கள். வேகக் குறைவால் வரும் பிசிறைக் கூர்மையாலும் எண்ணெயாலும் சரிக்கட்டலாம்: ஹெச்எஸ்எஸ் டூலின் இரு பக்கத்தையும் எண்ணெய்க்கல்லில் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தூரிகையால் மண்ணெண்ணெய் தடவினால் மரை மினுமினுக்கும். பக்கத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டபிள்யூடி-40 அதே வேலையைச் செய்யும்.

உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. டூலைத் தாங்கி நகரும் கேரேஜுக்குப் பக்கத்தில் காந்த ஸ்டாண்டில் ஒரு டயல் கேஜை வைத்து, டூல் காடியின் நடுவில் இருக்கும்போது முள்ளைப் பூஜ்யமாக்கிவிட்டால், டூலைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்து நிறுத்தலாம். உள்மரையில் வளையம் வீணாவதற்கு முக்கியக் காரணம் கைப்பழக்கம்: வெளிமரையில் டூலை விலக்க கிராஸ் ஸ்லைடை நம் பக்கம் இழுப்போம், உள்மரையில் அதே அசைவு டூலை இன்னும் ஆழமாகக் குத்தும். ஓட விடாமலே நாலைந்து தடவை வெறும் கையால் பழகிவிட்டு ஸ்விட்சைப் போடுவது நல்லது.

போரிங் பார் 16 மி.மீ. தடிமனில், டூல் போஸ்ட்டிலிருந்து 20-க்கு மேல் நீளாமல் இருக்கட்டும். வெட்டு அழுத்தத்தில் அது கொஞ்சம் வளையும். அதனால் ஆழத்தைக் கூட்டாமல் ஓரிரு ஓட்டம் விட்டால் மேலும் தூள் வரும். கணக்குப்படி 47.30-லிருந்து 0.35 ஆழம் போனால் 48.00. அந்த அளவை எட்டியதும் ஒவ்வொரு 0.02-க்கும் சுருளை ஊதித் துடைத்து ஃப்ளாட்னரை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 0.37-க்கும் 0.42-க்கும் நடுவில் ஏறிவிடும். ஃப்ளாட்னரை ஏற்றிப் பார்க்கும் வரை வளையத்தைச் சக்கிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டுத் திரும்பப் பிடித்தால் பழைய தடம் கிடைக்காது.

உள்மரை திருப்தியானதும் 14.5 மி.மீ. நீளத்தில் பார்ட்டிங் போட்டுத் துண்டிக்கலாம். துளை ஏற்கெனவே 38 என்பதால் பார்ட்டிங் டூலுக்கு எட்டு மில்லி வேலைதான்.

இப்போது திருப்பிப் பிடிக்க வேண்டும். வளையத்தை மூன்று தாடையில் நேராகப் பிடிப்பதுதான் பலர் செய்வது. உள்மரைப் பக்கச் சுவர் 3 மி.மீ.; மூன்று இடத்தில் அழுத்தினால் அது மூன்று மூலையாக அமுங்கும். அந்த நிலையில் வட்டமாகக் கடைந்து, சக்கைத் தளர்த்தியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பும், கடைந்த வட்டம் மூன்று மூலையாகும். போதாததற்கு முகம் சாய்ந்திருந்தால் சென்சாரும் சாயும். படத்தின் ஒரு மூலையில் நட்சத்திரம் புள்ளியாகவும் எதிர் மூலையில் கோடாகவும் விழும்.

சரியான வழி, எஃகில் ஒரு கட்டை. 55 மி.மீ. மைல்டு ஸ்டீல் அல்லது ஈஎன்8 துண்டைச் சக்கில் பிடித்து, 4.2 மி.மீ. நீளத்தில் எம்48 × 0.75 வெளிமரை வெட்டி, அதன் அடியில் தோள்பட்டையை அதே பிடியில் முகம் கடைந்துகொள்ள வேண்டும். கட்டையைச் சக்கிலிருந்து எடுக்காமல் வளையத்தை அதன் மேல் திருகினால், முகம் தோள்பட்டையில் உட்காரும்; இரண்டு மரையும் ஒரே அச்சில் வரும். 38 துளைக்குள் டயல் முள்ளை வைத்துச் சுற்றிப் பாருங்கள், 0.02-க்குள் ஆட்டம் இருந்தால் தொடரலாம். கட்டை எஃகாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெட்டு விசை வலமரையை இறுக்கும் திசையிலேயே வேலை செய்யும். முடிந்ததும் வளையம் கழல மறுக்கும். அலுமினியக் கட்டையாக இருந்தால் இரண்டும் கடித்துக்கொள்ளும். எஃகின் மேல் இருந்தால் வளையத்தில் கொதிநீரை ஊற்றினாலே போதும்: அலுமினியம் எஃகைப் போல் இரண்டு மடங்கு விரிவதால், சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றித் திருப்பினால் வந்துவிடும்.

கட்டையின் மேல் மொத்த நீளத்தை 14.00-க்கு முகம் கடைந்து, கழுத்தை 5.00 நீளத்துக்கு 41.90 விட்டமாக்குங்கள். வெளிமரைக்கான 6ஜி வகுப்பில் வெளிவிட்டம் 41.84-லிருந்து 41.98 வரை இருக்கலாம். சரியாக 42 வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. மரை வெட்டும்போது உலோகம் உச்சியில் பிதுங்கி எப்படியும் கொஞ்சம் உயரும். முனையில் 45° சாய்வு 0.5, தோள்பட்டையில் 1.5 மி.மீ. அகலத்தில் 40.9 விட்டக் காடி.

ஆழக் கணக்குக்கு வருவோம். வெளிமரையின் ஆழம் பிட்சின் 0.6134 மடங்கு, அதாவது 0.46 மி.மீ. இதை 0.15, 0.10, 0.08, 0.05, 0.04, 0.02, 0.02 என்று ஏழு வெட்டில் முடிக்கலாம். காம்பவுண்ட் ஸ்லைடை 29.5° திருப்பி, அந்தச் சாய்விலேயே உள்ளே செலுத்தும் முறையைப் பாடப் புத்தகங்கள் வற்புறுத்தும். அப்படிச் செய்தால் டயலில் 0.53 போக வேண்டும். ஒரு மில்லிக்கு உட்பட்ட பிட்சில் அது அவசியமில்லை என்பது என் கருத்து. சுருள் அவ்வளவு மெல்லியது, நேராகக் குத்தினாலும் டூல் திணறாது.

0.46 வந்தும் குழாய் ஏறவில்லை என்று பட்டறையில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இன்செர்ட். 0.75-க்கென்றே வரும் முழு வடிவ இன்செர்ட்டுக்குத்தான் 0.46. ஏ60 என்று விற்கும் பொது இன்செர்ட் 0.5-லிருந்து 1.5 வரை எல்லாப் பிட்சுக்கும் ஆனது. அதன் முனை 0.5-க்கு ஏற்றபடி கூராக இருக்கும். கூர் முனை அதே ஆழத்தில் குறுகிய பள்ளத்தைத்தான் தோண்டும், மரையின் பக்கச் சுவர்கள் தடித்தே நிற்கும். அதற்கு 0.51 வரை போக வேண்டும். உச்சி விட்டத்தை வெர்னியரில் அளந்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை. மரை ஏறுவதும் மறுப்பதும் பக்கச் சுவர்களில்.

அந்தச் சுவர்களை அளக்க மூன்று கம்பி முறை. பிட்சின் 0.577 மடங்கு தடிமனில், அதாவது 0.433 மி.மீ.-இல் மூன்று கம்பி. ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று, கொஞ்சம் கிரீஸில் ஒட்டி வைத்து மைக்ரோமீட்டரால் பிடிக்க வேண்டும். கழுத்து குட்டை என்பதால் மைக்ரோமீட்டரின் முகம் பாதி வெளியே நிற்கும், பாதகமில்லை. 42.14 மேல் எல்லை, 42.03 கீழ் எல்லை. வேறு தடிமன் கம்பிதான் கிடைக்கிறது என்றால், பிட்ச் விட்டத்தோடு (மரையின் மேடும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) கம்பித் தடிமனின் மூன்று மடங்கைக் கூட்டி, பிட்சின் 0.866 மடங்கைக் கழித்துக்கொள்ளலாம். எம்42 × 0.75 வெளிமரைக்குப் பிட்ச் விட்டத்தின் மேல் எல்லை 41.49.

ஆனோடைசிங் (மின்வேதி முறையில் மேலே ஆக்சைடு பூச்சு வளர்ப்பது) செய்வதாக இருந்தால் மேல் எல்லைக்கு மிக அருகே நிறுத்தக் கூடாது. 10 மைக்ரான் பூச்சில் பாதி உலோகத்துக்குள் போகும், பாதி வெளியே வளரும். சாய்ந்த சுவரில் வளர்வதால், 5 மைக்ரான் வளர்ச்சி பிட்ச் விட்டத்தில் நான்கு மடங்காக, 0.02 மி.மீ.-ஆகத் தெரியும். உள்மரை அதே அளவு சிறுக்கும். கம்பி அளவு 42.05-லிருந்து 42.11-க்குள் இருந்தால் பூச்சுக்குப் பிறகும் நிம்மதி.

தோள்பட்டையை ஒட்டி நிறுத்துவது பயமாக இருந்தால் எதிர்த் திசையிலும் வெட்டலாம். டூலைத் தலைகீழாகப் பொருத்தி, ஸ்பிண்டிலைப் பின்னோக்கி ஓட்டி, காடியில் ஆரம்பித்து வெளிமுனையை நோக்கி வெட்டினால் மோத எதுவும் இல்லை, வேகத்தையும் கூட்டலாம். இரண்டு எச்சரிக்கை. மரையில் திருகி மாட்டும் பழைய வகைச் சக்காக இருந்தால், பின்னோக்கி ஓட்டும்போது சக்கே கழன்று வரும். கட்டையின் மேல் திருகிய நம் வளையத்துக்கும் அதே கதிதான். ஆகவே இந்த வேலையில் அந்த உத்தி உள்மரைப் பக்கத்துக்கு மட்டும், அதுவும் சக் போல்ட்டில் மாட்டிய லேத்தில்.

கடைசி வெட்டுக்குப் பிறகு முதல் சுற்றின் ஆரம்பத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே சவரத் தகடு போல் மெல்லிய ஓரம் ஒன்று நிற்கும். நுண்பிட்ச் மரை குறுக்கே ஏறுவதற்கு அதுதான் காரணம். ஊசி அரத்தால் கால் சுற்றை மழித்துவிட்டால், இருட்டில் கையுறையோடு மாட்டினாலும் மரை தானாகத் தடம் பிடிக்கும். இறுக்கமாக ஏறும் மரையை வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வழக்கம் உண்டு. அலுமினியத்தில் அந்தத் துகள் புதைந்துபோய்க் கடைசிவரை தேய்த்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் இன்னொரு 0.01 வெட்டு.

38 துளையின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும். அதே 0.75 ஓட்டத்தில் துளை முழுக்க 0.2 ஆழத்துக்கு ஒரு கீறல் மரை ஓட்டிவிட்டால் வெளிச்சம் சிதறும். கறுப்பு ஆனோடைசிங் கண்ணுக்குக் கறுப்பே தவிர, சாயமிட்ட பூச்சு அகச்சிவப்புக்கு அருகில் நன்றாகவே எதிரொளிக்கும். அகச்சிவப்புத் தடை எடுக்கப்பட்ட கேமராவுக்கு, துளைக்குள் மட்டும் மேட் கறுப்பு பெயின்ட் ஒரு கோட் அடிப்பது உத்தமம். பெயின்ட் மரையில் படாதபடி இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனோடைசிங் பட்டறைக்குக் கொடுக்கும்போது காடிகளில் எண்ணெய் இல்லாமல் கழுவிக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததும் அமிலம் தங்கியிருக்கக்கூடிய அதே காடிகளை வெந்நீரில் அலசிவிட வேண்டும். மாட்டும்போது மரையில் மிக மெல்லிய கிரீஸ், பல் குச்சியின் நுனியில் எடுக்கும் அளவு. அதிகம் வைத்தால் கண்ணாடிப் பக்கம் நகரும்.